8 பிட் ஐஎஸ்ஏ + சிஎஃப் கார்டு: பாதி எழுத்துதான் வருது

பழையபஸ்:
வணக்கம். ஐபிஎம் எக்ஸ்டி 5160-ங்கற பழைய பிசியோட ஐஎஸ்ஏ ஸ்லாட்டுல (கூடுதல் கார்டு செருகற இடம்), சிஎஃப் மெமரி கார்டை ஹார்ட் டிஸ்க் மாதிரி மாட்டறதுக்கு நானே ஒரு அடாப்டர் பண்ணியிருக்கேன். அட்ரஸ் டீகோடுக்கு 74எல்எஸ்688 சிப், டேட்டாவுக்கு 74எல்எஸ்245 சிப், அவ்வளவுதான். ஐடென்டிஃபை கமாண்ட் (கார்டோட விவரத்தைக் கேக்கறது) அனுப்பினா கார்டு பதில் தருது, ஆனா மாடல் பெயர்ல ஒண்ணு விட்டு ஒரு எழுத்துதான் வருது. 512 பைட் வரணும். 256-லயே டிஆர்க்யூ பிட் (இன்னும் டேட்டா இருக்குன்னு கார்டு காட்டறது) இறங்கிடுது. மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தாச்சு, ஷார்ட் எதுவும் இல்ல. 245-தான் கெட்டுப்போச்சா?

ஈயப்புகை:
245-ஐத் தொடாதீங்க. அது கெட்டிருந்தா எழுத்தே குப்பையா வந்திருக்கும். உங்களுக்கு வர்ற பாதி சுத்தமா வருது பாருங்க, அதுதான் துப்பு. ஐடிஈ-ல (சிஎஃப் கார்டும் ஹார்ட் டிஸ்க்கும் பேசற முறை, ஏடிஏ-ன்னும் சொல்வாங்க) டேட்டா ரிஜிஸ்டர் 16 பிட். ஒவ்வொரு ரீடுக்கும் கார்டு ரெண்டு பைட் தருது. எக்ஸ்டி-யோட பஸ் 8 பிட்ங்கறதால கீழ் பைட் மட்டும் கைக்கு வருது, டி8 முதல் டி15 வரைக்குமான டேட்டா லைன்ல இருக்கிற மேல் பைட் வீணாப் போகுது.

சிஎஃப்-ல இதுக்கு வழி கார்டுக்குள்ளயே இருக்கு. ஃபீச்சர்ஸ் ரிஜிஸ்டர்ல 01 எழுதிட்டு, கமாண்ட் ரிஜிஸ்டர்ல ஹெக்ஸ் ஈஎஃப் அனுப்புங்க. 8 பிட் மோடுக்கு மாறிடும், 512 பைட்டும் வரிசையா வரும். பவர் போடும்போதெல்லாம் இதை அனுப்பணும். அப்பவும் பெயர்ல எழுத்துகள் ஜோடி ஜோடியா இடம் மாறித் தெரியும், பயப்படாதீங்க. ஏடிஏ விதிப்படி முதல் எழுத்து மேல் பைட்ல இருக்கு, கீழ் பைட் முந்தி வருது. செக்டர் டேட்டாவுல இந்தக் குழப்பம் கிடையாது.

முடிச்சுட்டு எழுதுங்க. இந்த மெஷின்களோட பழைய டிஸ்க்குகள் ஒவ்வொண்ணா நின்னுக்கிட்டே வருது. கையில சால்டரிங் அயர்ன் எடுத்த யாரும் பாதியில விட்டுடக் கூடாதுங்கறது என் ஆசை.

லாட்ச்573:
ஒண்ணு சேர்த்துக்கறேன். பழைய ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் 8 பிட் மோடை ஏத்துக்காது. அதையும் மாட்டணும்னா மேல் பைட்டுக்கு 74எல்எஸ்573 லாட்ச் சிப் ரெண்டு வேணும். படிக்கும்போது கீழ் பைட் வர்ற அதே நேரத்துல மேல் பைட்டை லாட்ச் பிடிச்சு வெச்சுக்கும், அப்புறம் வேற போர்ட்ல எடுக்கலாம். எழுதும்போது மேல் பைட்தான் முதல்ல.

பழையபஸ்:
512-ம் வந்துடுச்சு! மாடல் பெயர் சொன்ன மாதிரியே ஜோடி மாறி வருது. ரொம்ப நன்றி. அடுத்தது எக்ஸ்டி-ஐடிஈ யுனிவர்சல் பயாஸ் (பழைய பிசி ஐடிஈ டிஸ்க்லருந்து பூட் ஆக உதவற, ரோம் சிப்புல வைக்கற புரோகிராம்). ரோமை எந்த அட்ரஸ்ல வைக்கட்டும்? பிறகு இதே கார்டை 5150-லயும் (ஐபிஎம்-மோட முதல் பிசி) போடலாமா?

ஈயப்புகை:
மதர்போர்டு பயாஸ் ஹெக்ஸ் சி8000 அட்ரஸ்லருந்து 2 கேபி இடைவெளியில, ரோம் இருக்குன்னு காட்டற 55 ஏஏ அடையாளத்தைத் தேடிக்கிட்டே போகும். ஐபிஎம்-மோட பழைய ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலரும் சி8000-லதான் உட்காரும். அதைக் கழட்டலைன்னா உங்க ரோமை டி0000-க்குத் தள்ளுங்க. 5150-ல மதர்போர்டு பயாஸ் தேதியை முதல்ல பாருங்க: 27-10-1982-க்கு முந்தினதா இருந்தா இந்தத் தேடலே கிடையாது, மதர்போர்டு ரோமை மாத்தினாத்தான் உங்க கார்டு அதுக்குத் தெரியும்.