உயர் நீதிமன்றத்தில் குடும்ப வழக்கு: நேரில் சென்று வந்தவர்களின் அனுபவங்கள்

தொடங்குபவர்: ஓய்வுபெற்ற ஆசிரியர்

என் மகளின் மணமுறிவு மனுவைக் குடும்ப நல நீதிமன்றம் தள்ளுபடி செய்த அன்று, "கவலைப்படாதே அம்மா, உயர் நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லலாம்" என்று அவளைத் தேற்றினேன். அது எவ்வளவு தவறான தேறுதல் என்பது சென்னைக்குச் சென்ற பிறகே விளங்கியது. அதே நினைப்போடு அங்கே செல்கிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள், வழக்கு எண்ணும் பெயர்களும் மட்டும் வேண்டாம்.

1984-ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, இத்தகைய தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதை இரண்டு நீதிபதிகளுக்குக் குறையாத அமர்வு விசாரிக்கும். வழக்கறிஞர்கள் இதை 'சி.எம்.ஏ.' (சிவில் மிசலேனியஸ் அப்பீல், அதாவது உரிமையியல் பல்வகை மேல்முறையீடு) என்கிறார்கள். அங்கே சாட்சிக் கூண்டில் யாரும் ஏறுவதில்லை. கீழ் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனு, எதிருரை, சாட்சியம், குறுக்கு விசாரணை, ஆவணங்கள் ஆகியவற்றைத் தட்டச்சு செய்து கட்டிய 'டைப்டு செட்' ஒன்று நீதிபதிகளின் மேசைக்குப் போகிறது. ஏழு ஆண்டுத் துயரமும் அந்தக் கட்டுக்குள் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

என் மாமியார் இறந்தபோது, பாட்டியின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்கக்கூட என் மகளைக் கணவர் வீட்டார் அனுப்பவில்லை. எங்களை உலுக்கிய நிகழ்ச்சி அது. எங்கள் வழக்கறிஞர் அதைச் சொல்லத் தொடங்கியதும் மூத்த நீதிபதி நிமிர்ந்து, "இது மனுவின் எந்தப் பத்தியில் இருக்கிறது?" என்று கேட்டார். எந்தப் பத்தியிலும் இல்லை. மனு எழுதிய நாளில், இழவு வீட்டுக் கதையெல்லாம் ஊர் அறிய வேண்டாம் என்று வழக்கறிஞரைத் தடுத்தவன் நான்தான். மேல்முறையீட்டில் புதிய சாட்சியம் சேர்ப்பதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வழி உண்டு என்றாலும், அது மிகக் குறுகிய வழி. முன்பே சொல்லியிருக்கக் கூடியதை மானத்துக்கு அஞ்சி மறைத்தவருக்கு அது எளிதில் திறப்பதில்லை.

"ஏழு ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்கிறார்களே, அதுவே போதாதா?" என்று வெளியே வந்ததும் வழக்கறிஞரிடம் கேட்டேன். மீட்க முடியாமல் முறிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் திருமணத்தைக் கலைக்க இந்து திருமணச் சட்டத்தில் இடமில்லை என்றும், அரசமைப்பின் 142-ஆவது பிரிவைக் கொண்டு அப்படிக் கலைக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு என்று அந்த நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2023-இல் தீர்ப்பளித்ததாகவும், ஆனால் அந்தப் பிரிவு உயர் நீதிமன்றத்தின் கையில் இல்லை என்றும் அவர் விளக்கினார்.

இருந்தும் எங்கள் வழக்கு தோல்வியில் முடியவில்லை. இரு தரப்பையும் அழைத்துப் பேசிய நீதிபதிகள் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். அந்த வளாகத்திலேயே 2005 முதல் இயங்கிவரும் மையம் அது. அங்கே பேசுவது எதுவும் வழக்குப் பதிவில் ஏறாது என்று முதலிலேயே சொல்லிவிட்டதால்தானோ என்னவோ, அதுவரை தலை குனிந்தே இருந்த மருமகன் வாய் திறந்து பேசினார். மூன்று அமர்வுகளில் நகைப் பட்டியல் முடிவானது. கூட்டு மனுவின் பேரில், பரஸ்பர சம்மத மணமுறிவாக அமர்வு ஆணையிட்டது. அதற்குரிய ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க வழக்குகளில் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருந்தது எங்களுக்கு உதவியது.

மறுமொழி: வழக்கறிஞர், சென்னை

ஐயா எழுதியதோடு இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். முதலாவது, மேல்முறையீடு செய்வதற்கான கெடு. 19-ஆவது பிரிவு தருவது 30 நாள். இந்து திருமணச் சட்டத்தின் 28-ஆவது பிரிவோ 90 நாள் என்கிறது. எது பொருந்தும் என்பது நீதிமன்றங்களில் வாதிடப்பட்ட விஷயம். நான் என் கட்சிக்காரர்களிடம் 90 என்ற எண்ணையே உச்சரிப்பதில்லை. இரண்டாவது, ஆங்கிலேயர் காலத்தில் இந்த நீதிமன்றத்தை நிறுவிய பழைய அரச சாசனத்தின் ('லெட்டர்ஸ் பேட்டன்ட்') வழியாகக் குழந்தைகளின் பாதுகாவல் தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இருந்துவரும் நேரடி அதிகாரம். குடும்ப நல நீதிமன்றங்கள் வந்த பிறகும் அது நீங்கவில்லை என்று 1989-இல் முழு அமர்வு தீர்ப்பளித்தது. 2022-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மையும் அதையே ஏற்றது. எனவே சென்னை நகரத்தில் இருப்பவர் மேல்முறையீட்டுக்காக மட்டும்தான் அங்கே போக முடியும் என்று எண்ண வேண்டாம்.

மறுமொழி: நாகர்கோவில்

நான் சென்றது மதுரைக் கிளைக்கு. அதுவும் மணமுறிவுக்காக அல்ல. சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரி என் கணவர் திருச்சிராப்பள்ளியில் மனு போட்டிருந்தார். எட்டு மாதக் கைக்குழந்தையோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரவுப் பேருந்தில் அங்கே செல்ல வேண்டியிருந்தது. வழக்கை என் ஊருக்கு மாற்றக் கோரிய மனுவைத் தனி நீதிபதி ஒருவர் விசாரித்தார். யார் செய்தது சரி, யார் செய்தது பிழை என்ற பேச்சே எழவில்லை. குழந்தையின் வயது, துணைக்கு வர ஆள் உண்டா, எனக்கு வருமானம் உண்டா என்ற அளவில் கேள்விகள் முடிந்தன. வழக்கு மாறியது.

பிறகு இடைக்கால ஜீவனாம்ச உத்தரவை எதிர்த்து அவர் சீராய்வு மனு போட்டபோது, இரு தரப்பும் தாக்கல் செய்திருந்த சொத்து, வருமான உறுதிமொழிப் பத்திரங்களைத்தான் நீதிபதி முதலில் புரட்டினார். அவற்றைக் கட்டாயமாக்கியது உச்ச நீதிமன்றத்தின் 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டினால்தான் இடைக்காலத் தடை என்று உத்தரவானது. 2004-இல் மதுரைக் கிளை வராமல் இருந்திருந்தால், இந்த இரண்டு மனுக்களுக்கும் நான் சென்னை வரை போயிருக்க வேண்டும். போயிருப்பேனா என்பது ஐயமே.

மறுமொழி: ஒரு தாய்

மேல்முறையீட்டில் கட்டிய காகிதம்தான் பேசும் என்று ஆசிரியர் ஐயா எழுதியிருக்கிறார். ஆட்கொணர்வு மனுவில் நான் கண்டது வேறு.

அமெரிக்காவிலிருந்து மகளோடு திரும்பிய சில மாதங்களில், குழந்தையை நான் சட்டவிரோதமாக வைத்திருப்பதாக என் கணவர் சென்னையில் அந்த மனுவைத் தாக்கல் செய்தார். காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து நீதிமன்றத் தேதியைச் சொன்னபோது, கைது செய்துவிடுவார்கள் என்றே பயந்தேன். எதிர்மனுதாரர் பட்டியலில் காவல் ஆய்வாளர் பெயர் இருப்பது குழந்தையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவருவதற்காக என்பது பிறகுதான் புரிந்தது.

அந்நாட்டு நீதிமன்றத்தின் உத்தரவு அவர் கையில் இருந்தது. எல்லை தாண்டிக் கொண்டுசெல்லப்படும் குழந்தைகள் குறித்த 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே அந்த உத்தரவைப் பார்த்த மாத்திரத்தில் குழந்தையைத் திருப்பி அனுப்பும் கட்டாயம் நம் நீதிமன்றங்களுக்கு இல்லை. அதைக் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்றாகவே எடுத்துக்கொண்டு, குழந்தையின் நலனை முதலில் வைக்க வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால், இதனால் தாய்தான் எப்போதும் வெல்வாள் என்று யாரும் எண்ண வேண்டாம். குழந்தை இங்கே எத்தனை காலம் இருந்திருக்கிறது, அங்கே எவ்வளவு வேர்விட்டிருந்தது என்று நீதிபதிகள் என் வழக்கறிஞரைத் துளைத்துவிட்டார்கள். திரும்ப அனுப்பச் சொல்லி முடிந்த வழக்குகளும் உண்டு.

பிற்பகலில் என் மகளை மட்டும் தம் அறைக்கு அழைத்தார்கள். ஏழு வயதுக்காரி. நானும் அவள் தந்தையும் வெளியே ஒரே மர பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிடம் இருக்கும்.

பள்ளி ஆண்டு முடியும் வரை அவள் என்னிடம் இருக்க வேண்டும், தந்தை நாள்தோறும் காணொளியில் பேசலாம், கோடை விடுமுறையில் இங்கு வந்து உடன் வைத்துக்கொள்ளலாம், நிலையான பாதுகாவலை 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின்படி உரிய நீதிமன்றத்தில் கோரிக்கொள்ளலாம் என்று உத்தரவானது. எனக்குக் கிடைத்தது வெற்றி என்று உறவினர்கள் சொன்னார்கள். உத்தரவைப் படித்துப் பார்த்தால் எனக்கென்று அதில் ஒரு வரியும் இல்லை, எல்லாம் அவளுக்காக எழுதியது.

வீடு திரும்பும் வழியில், "அந்த அங்கிள் என் ஃபிரெண்ட் பேரெல்லாம் கேட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். வேறு என்ன பேசினார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.