மினிடிஸ்க் பதிவைக் கணினிக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி (திருகோணமலை):
திருக்கோணேச்சரத்தில் ஓதுவார் ஒருவர் பாடிய சம்பந்தர் பதிகத்தை என் தந்தையார் மினிடிஸ்க் என்ற, சிறு தட்டில் ஒலி பதியும் கருவியில் பதிந்து வைத்திருக்கிறார். யூஎஸ்பி வடத்தால் இணைத்தாலும், அதற்குரிய பழைய மென்பொருளை என் 64 பிட் விண்டோஸ் ஏற்க மறுக்கிறது. வேறு வழி உண்டா?

பதில் (உவர்மலை):
மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம். நெட்எம்டி (யூஎஸ்பி இணைப்புள்ள மினிடிஸ்க்) கருவிகளில் பெரும்பாலானவை யூஎஸ்பி வழியாகப் பாடல்களை உள்வாங்குமே தவிர, மைக்கில் பதிந்ததை வெளியே தராதபடிதான் வடிவமைக்கப்பட்டன. ஹெட்போன் துளையிலிருந்து 3.5 மி.மீ. வடத்தைக் கணினியின் லைன்-இன் (வெளிக்கருவியின் ஒலியை வாங்கும்) துளைக்குக் கொடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதியுங்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் சங்கடம்.

கேட்டவர்:
மடிக்கணினியில் ஒரே துளைதான் இருக்கிறது, ஐயா.

மற்றொருவர்:
அதன் மைக் உள்ளீடு பொதுவாக மோனோதான்; இடம், வலம் என இரு தடங்களாகப் பதியாது. லைன்-இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றை வாங்குங்கள். அலைவடிவம் உச்சியைத் தொடாதபடி கருவியின் ஒலியளவைக் குறைத்து, வேவ் கோப்பாகச் சேமியுங்கள். அதற்கு முன், தட்டின் ஓரத்திலுள்ள சிறு நகர்த்தியைத் தள்ளி, பதிவு அழியாதபடி பூட்டிவிடுங்கள்.