3 வருட வாரண்டி இருக்கும்போது இன்னும் 20,000 கொடுத்து நீட்டிக்க வேண்டுமா?

மலைக்கோட்டை:
வணக்கம். மாருதி ஸ்விஃப்ட் கார், ஏஜிஎஸ் (கிளட்ச் மிதிக்காமல் தானாகவே கியர் மாறும் வகை) பெட்ரோல் புக் செய்திருக்கிறேன், இந்த மாதக் கடைசியில் டெலிவரி. திண்டுக்கல்லில் வீடு, மதுரையில் வேலை. தினமும் போய் வருகிறேன், நானே ஓட்டுவேன். இதுவரை பஸ்ஸும் ரயிலும்தான்.

கம்பெனி வாரண்டி 3 வருடம் அல்லது 1,00,000 கி.மீ. அதற்கு மேல் எக்ஸ்டெண்டட் வாரண்டி கட்டாயம் போடுங்கள் என்று ஷோரூமில் பிடிவாதமாகச் சொல்கிறார்கள். நான்காவது வருடம் வரை ஒரு பேக்கேஜ், ஐந்து வரை ஒன்று, ஆறு வரை ஒன்று. ஆறு வருடத்துக்குச் சுமார் 20,000 ரூபாய். "லோனிலேயே சேர்த்துவிடலாம் மேடம், உங்களுக்குத் தெரியவே தெரியாது" என்கிறார் விற்பனையாளர். தெரியாமல் போவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான்காவது வருடப் பேக்கேஜ் மட்டும் போட்டால் போதுமா என்று நினைக்கிறேன், விலை குறைவு. அலுவலகத்தில் பாதிப் பேர் போடு என்கிறார்கள், பாதிப் பேர் வீண் செலவு என்கிறார்கள். டெலிவரிக்கு முன்பே எடுத்தால்தான் இந்த விலை என்பதும் உண்மையா?

கொங்கு வண்டி:
வேண்டவே வேண்டாம் அக்கா. ஜப்பான் இன்ஜின், மூன்று வருடம் தாண்டிவிட்டால் அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. அந்த 20,000-ஐ அஞ்சலகத்தில் ஆர்.டி. போடுங்கள். ஷோரூம்காரருக்குக் கமிஷன், அதனால் துரத்துகிறார். என்னிடம் இருக்கும் பழைய மேனுவல் வண்டி எட்டு வருடமாக ஓடுகிறது, ஆயில், பிரேக் பேட், டயர் தவிர வேறு செலவு இல்லை.

மழைக்கால ஓட்டுநர்:
அண்ணே, உங்கள் வண்டி மேனுவல். அவங்க எடுப்பது ஏஜிஎஸ். அதுவும் எட்டு வருடத்துக்கு முந்தைய வண்டியில் இவ்வளவு எலக்ட்ரானிக்ஸ் ஏது? இப்போது ஸ்டீயரிங்கே மோட்டார், ஏசியைக் கட்டுப்படுத்துவதும் ஒரு போர்டு. எனக்கு வேறு கம்பெனி வண்டியில் ஐந்தாவது வருடம் ஏசி கம்ப்ரஸர் போனது. வாரண்டியை நீட்டித்திருந்ததால் காசில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அந்த ஒரு பில்லிலேயே கட்டிய பணம் திரும்பிவிட்டது.

அதே வண்டியில் எலி ஒயரைக் கடித்தபோது மட்டும் கையை விரித்துவிட்டார்கள், அது வேறு கதை.

பழைய சர்வீஸ் அட்வைசர்:
போடலாமா வேண்டாமா என்பதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள் மேடம். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

மலைக்கோட்டை:
ஒரு பக்கம் 65 கி.மீ., போக வர 130. மாதம் 24 நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் கொஞ்சம் ஓடும். 3,200-லிருந்து 3,300 வரை வரும் என்று நினைக்கிறேன் சார்.

பழைய சர்வீஸ் அட்வைசர்:
அப்படியென்றால் வருடத்துக்கு 39,000 கி.மீ. உங்களுக்கு வாரண்டியை முடிப்பது கிலோமீட்டர்தான், வருடக் கணக்கை மறந்துவிடுங்கள். "எது முதலில் வருகிறதோ அதுவரை" என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்களே, விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கம்பெனி வாரண்டி 1,00,000 கி.மீ. உங்களுக்கு அது ஏறக்குறைய 2 வருடம் 7 மாதத்தில் முடிந்துவிடும். மாருதியில் நான்காவது வருடப் பேக்கேஜுக்கு வரம்பு 1,20,000, ஐந்துக்கு 1,40,000, ஆறுக்கு 1,60,000. நீங்கள் நினைக்கும் அந்த நான்கு வருடப் பேக்கேஜ் 3 வருடம் 1 மாதத்தில் காலி. நான்காவது வருடத்தில் ஒரே ஒரு மாதம்தான் பார்த்திருக்கும். ஐந்து வருடப் பேக்கேஜ் 3 வருடம் 7 மாதத்தில் போய்விடும். ஆறு வருடப் பேக்கேஜ் 4 வருடம் 1 மாதம் தாங்கும்.

ஆகவே உங்கள் ஓட்டத்துக்கு நடுவில் நிற்கும் பேக்கேஜ்களில் அர்த்தம் இல்லை. போட்டால் 1,60,000 போடுங்கள், இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம். விலை குறைவு என்று நான்கு வருடத்தை எடுப்பதுதான் இதில் மோசமான பேரம்.

கொங்கு வண்டி:
அப்படிப் பார்த்தால் என் கட்சிதானே ஜெயிக்கிறது? ஆறு வருடத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு நான்கு வருடம்தானே தருகிறார்கள்.

பழைய சர்வீஸ் அட்வைசர்:
இல்லை அண்ணே. கம்பெனி வாரண்டி முடிந்தபிறகு கிடைப்பது 60,000 கி.மீ. 20,000 ரூபாயை அதில் வகுத்தால் கிலோமீட்டருக்கு 33 பைசா. அவர் போடப்போகும் பெட்ரோல் செலவில் இது ஒரு மூலைக்குக் காணாது. அதுவும் ஒரு லட்சத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் நடுவில்தான் பெரிய பாகங்கள் பல்லைக் காட்ட ஆரம்பிக்கும். வருடம் 5,000 ஓட்டுகிறவருக்கு நான் வேறு மாதிரி சொல்வேன்.

ஏஜிஎஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது, அதை ஒரு கம்ப்யூட்டர் ஏவுகிறது. ஆக்சுவேட்டரோ கம்ப்யூட்டரோ தானாகப் பழுதானால் வாரண்டியில் வரும். கிளட்ச் தட்டு தேய்ந்தால் வராது, அது பிரேக் பேட் மாதிரி தேய்மானப் பொருள். "கியர் சரியாக விழவில்லை" என்று வண்டி வந்தால் சர்வீஸ் சென்டருக்கும் வாடிக்கையாளருக்கும் சண்டை ஆரம்பிக்கும் இடம் இதுதான். தட்டு தேய்ந்ததா, ஆக்சுவேட்டர் கெட்டதா? ஒன்றுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டும், மற்றதுக்கு அவர்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள், ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது சென்டரில் போடும் சீட்டு) புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கு நான்குவழிச் சாலை ஓட்டம் என்பதால் கிளட்ச் ரொம்ப நாள் வரும். மதுரை ஊருக்குள் சிக்னலில் ஆக்சிலரேட்டரைத் தொட்டுத் தொட்டு நகர்த்தாமல் பிரேக்கில் நில்லுங்கள்.

டயருக்கும் பேட்டரிக்கும் அந்தந்தத் தயாரிப்பாளரின் வாரண்டி தனி. பல்பு, வைப்பர் ரப்பர், பெல்ட், ஃபில்டர் எல்லாம் எந்தப் பேக்கேஜ் போட்டாலும் நம் செலவுதான்.

அரசடி:
இணையத்தில் தேடினால் "மாருதி என்றால் கண்ணை மூடிக்கொண்டு எக்ஸ்டெண்டட் வாரண்டி போடு" என்றுதான் எல்லாப் பக்கமும் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை பழைய பேச்சு. 2024 ஜூலை வரை மாருதியின் அடிப்படை வாரண்டியே 2 வருடம் அல்லது 40,000 கி.மீ.தான். இந்தத் தோழி மாதிரி ஓட்டினால் ஒரே வருடத்தில் முடிந்திருக்கும். அந்தக் காலத்தில் போடாமல் விட்டால்தான் தவறு. இப்போது ஒரு லட்சம் வரை கம்பெனியே பார்த்துக்கொள்கிறது. பழைய பதிவைப் படித்துவிட்டு முடிவு எடுக்காதீர்கள்.

ஹூண்டாய் பக்கம் போனால் சொந்த உபயோக வண்டிக்கு 3 வருடம், கிலோமீட்டர் வரம்பு கிடையாது. 39,000 ஓட்டுகிறவருக்கு அது பெரிய வித்தியாசம். ஆனால் புக் செய்தாகிவிட்டது, இனி அதைச் சொல்லி என்ன.

வாடிப்பட்டி வழி:
நானும் அதே ரூட்தான். ஒரு சந்தேகம், இவ்வளவு ஓட்டம் இருக்கிறவங்க சிஎன்ஜி (எரிவாயு) வண்டி ஏன் பார்க்கவில்லை? ஸ்விஃப்டில் கம்பெனியே போட்டுத் தருகிறதே. வெளியில் கிட் மாட்டினால் வாரண்டியில் தகராறு வரும், ஷோரூம் சிஎன்ஜிக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, கொடைரோடு டோலுக்கு ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் எடுத்துவிடுங்கள். 2025-இல் தொடங்கியபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை. தினமும் இரண்டு முறை கடந்தால் நான்கு மாதத்துக்குச் சற்று மேல் வரும், அப்புறம் மறுபடி எடுக்க வேண்டும். அப்படியும் லாபம்தான்.

மலைக்கோட்டை:
சிஎன்ஜி மேனுவலில்தான் வருகிறது சார். மூட்டு வலி இருப்பதால்தான் ஏஜிஎஸ் எடுத்தேன். டோல் பாஸ் தகவலுக்கு நன்றி, தெரியாது.

அட்வைசர் சார், கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது. இன்னும் ஒன்று. எங்கள் தெருவில் நம்பிக்கையான மெக்கானிக் இருக்கிறார். ஒரு தடவை வெளியில் சர்வீஸ் செய்தாலும் வாரண்டி மொத்தமாகப் போய்விடும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். உண்மையா?

பழைய சர்வீஸ் அட்வைசர்:
சட்டப்படி அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. உதிரி பாக வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. வெளியில் செய்த தவறான வேலையால் பாகம் கெட்டால் மறுக்கலாம், அது நியாயம்தான்.

ஆனால் எக்ஸ்டெண்டட் வாரண்டி நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கும் தனி ஒப்பந்தம். குறிப்பிட்ட கிலோமீட்டரில், அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் சர்வீஸ் என்பது பெரும்பாலும் அதில் நிபந்தனையாக இருக்கும். சட்டத்தைச் சொல்லி வாதாடலாம், வண்டி அதுவரை ஷெட்டில் நிற்கும். வேலைக்குப் போக வண்டியை நம்பியிருக்கும் உங்களுக்கு அது சரிப்படாது. வாரண்டி இருக்கும்வரை அவர்களிடமே விடுங்கள்.

இந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 10,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ் என்றால் உங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று. வாரண்டியை ஒரு லட்சத்திலிருந்து 1,60,000-க்கு நீட்டித்தால் இன்னும் ஆறு சர்வீஸ் கம்பெனி சென்டரில் செய்தாக வேண்டும். உங்கள் தெரு மெக்கானிக் வாங்குவதற்கும் அவர்கள் போடும் பில்லுக்கும் ஒவ்வொரு முறையும் எவ்வளவு வித்தியாசமோ, அதை ஆறால் பெருக்கி 20,000-உடன் கூட்டுங்கள். அதுதான் வாரண்டியின் நிஜ விலை. சர்வீஸுக்குப் போகும்போது த்ராட்டில் பாடி சுத்தம், இன்ஜின் கோட்டிங் என்று தலையில் கட்டுவார்கள். சர்வீஸ் புத்தகத்தில் இல்லாததை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. வாரண்டி அதனால் போகாது.

கணக்குப்பிள்ளை:
லோனில் சேர்ப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. எத்தனை வருட லோன், என்ன வட்டி?

மலைக்கோட்டை:
7 வருடம், 9 சதவீதம்.

கணக்குப்பிள்ளை:
20,000-க்கு மாதம் 322 ரூபாய் வரும். 84 மாதத்தில் மொத்தம் 27,000 கட்டுவீர்கள். வாரண்டி நான்கு வருடத்தில் முடிந்துவிடும், அதற்கான தவணை மேலும் மூன்று வருடம் ஓடும். போடுவதாக இருந்தால் கையிலிருந்து கொடுங்கள்.

இன்றே எடுக்காவிட்டால் போச்சு என்பதை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலான கம்பெனிகளில் அடிப்படை வாரண்டி உயிரோடு இருக்கும்வரை வாங்கலாம், தள்ளிப்போடப் போட விலை ஏறும். எத்தனை நாள் வரை, எத்தனை கி.மீ. வரை எந்த விலை என்ற பட்டியலைக் கேளுங்கள். உங்கள் மீட்டர் வேகமாக ஓடும் என்பதால் ரொம்பத் தள்ளவும் கூடாது.

மழைக்கால ஓட்டுநர்:
மேலே எலி விஷயம் சொன்னேனே, அதையும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் வாரண்டியையும் இன்சூரன்ஸையும் குழப்பிக்கொள்கிறார்கள். பாகம் தன் குறையால் கெட்டால் வாரண்டி. வெளியிலிருந்து வந்த சேதத்துக்கு இன்சூரன்ஸ். எலி, விபத்து, வெள்ளம் எல்லாம் இரண்டாவது வகை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறிய வண்டிகளுக்கு எந்த வாரண்டியும் உதவாது. அதற்கு இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் தனியாக வேண்டும். பட்ஜெட் ஒன்றுக்குத்தான் என்றால் முதலில் பம்பர் டு பம்பரும் (பாகத்தின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் இன்சூரன்ஸ் கவர்) இந்த இன்ஜின் கவரும், பிறகுதான் வாரண்டி.

டெம்பரேச்சர் விளக்கு எரிந்தபிறகும் "வீடு வந்துவிட்டதே" என்று ஓட்டி இன்ஜினைச் சிக்கவைத்தாலும் மறுப்பார்கள். ஒயரை வெட்டி வெளியில் ஸ்டீரியோ மாட்டினாலும் அப்படித்தான்.

மலைக்கோட்டை:
இன்று ஷோரூம் போய்வந்தேன். நீங்கள் சொன்னபடி விலைப் பட்டியலைக் கேட்டேன், கூடவே பேக்கேஜ் தருவது யார் என்று எழுத்தில் காட்டும் தாளையும் கேட்டேன். கொட்டேஷனில் போட்டிருந்தது கம்பெனியின் வாரண்டியே இல்லை, டீலரே விற்கும் வேறொரு திட்டம்! பெயர் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல. விற்பனையாளர் "இரண்டும் ஒன்றுதான் மேடம்" என்றார். மேனேஜரைப் பார்த்தபிறகு கம்பெனிப் பேக்கேஜுக்குத் தனிக் கொட்டேஷன் கொடுத்தார்கள். விலை ஏறக்குறைய அதேதான். கொட்டேஷனின் அடியில் இருந்த ஹேண்ட்லிங் சார்ஜ் பற்றியும் கேட்டுவிட்டேன், பேசாமல் அந்த வரியை அடித்து நீக்கிவிட்டார்கள்.

பழைய சர்வீஸ் அட்வைசர்:
நல்ல வேலை செய்தீர்கள். டீலர் திட்டமாக இருந்தால் வேறு ஊரில் வண்டி நின்றுபோகும்போது எவனும் மதிக்க மாட்டான். கம்பெனியுடையது என்றால் நாட்டில் எந்த அங்கீகரிக்கப்பட்ட சென்டரிலும் செல்லும். வண்டியை விற்றால் வாங்குகிறவர் பெயருக்கு மாற்றவும் முடியும். நான்கு வருடம் ஓட்டிவிட்டு விற்கும் எண்ணம் இருந்தால் சீக்கிரமே விளம்பரம் போடுங்கள், 1,30,000-இல் விற்றால் மிச்சமிருக்கும் 30,000 கி.மீ. வாரண்டியைக் காட்டிப் பேரம் பேசலாம்.

குளத்தங்கரை:
இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் ஓய்வுபெற்றவன், வருடம் 5,000 கி.மீ.கூட ஓட்டுவதில்லை. அதே வண்டி, மேனுவல். எனக்கு?

பழைய சர்வீஸ் அட்வைசர்:
ஐயா, உங்களுக்கு மூன்று வருடத்தில் 15,000 கி.மீ. ஆகும், நீட்டித்த மூன்று வருடத்தில் மேலும் 15,000. உங்கள் வண்டியில் தேய்மானத்தால் எதுவும் போகாது, ஓடாமல் நிற்பதால் பேட்டரி போகும். அது இந்த வாரண்டியில் வராது. மேனுவல் என்றால் நான் போட மாட்டேன். இரண்டே முக்கால் வருடம் ஆகும்போது வண்டியை ஒருமுறை முழுசாகப் பார்க்கச் சொல்லி, ஏசி, ஸ்டீயரிங், சென்சார் எதிலாவது சந்தேகம் இருந்தால் அப்போது முடிவு செய்யுங்கள். விலை சற்று கூடியிருக்கும், பரவாயில்லை.

மலைக்கோட்டை:
கம்பெனியின் ஆறு வருடப் பேக்கேஜ், லோனில் சேர்க்காமல் தனியாகக் கட்டுகிறேன். டெலிவரி அன்று வேறு என்ன பார்க்க வேண்டும்?

பழைய சர்வீஸ் அட்வைசர்:
ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். சான்றிதழில் இருக்கும் சேசிஸ் எண்ணும் வண்டியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்து வேறொரு சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, இந்த எண்ணுக்கு 1,60,000 வரை வாரண்டி காட்டுகிறதா என்று கேளுங்கள். டீலர் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனியில் பதியாமல் விட்டது எனக்குத் தெரிந்து நடந்திருக்கிறது. காட்டவில்லை என்றால் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, அதற்கும் அசையாவிட்டால் 1915-க்கு அடியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். முதல் சர்வீஸுக்கு நாள் தள்ளாதீர்கள், உங்கள் மீட்டருக்கு அது கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும்.