ஹெபடைடிஸ் சி மருந்து ஆய்வில் சேர வழி தெரிந்தவங்க சொல்லுங்க

வணக்கம். களுவாஞ்சிகுடியில் 52 வயது ஆண் ஒருவருக்கு ஹெபடைடிஸ் சி (ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்று). இலங்கையில் எங்காவது இதற்கான மருந்து ஆய்வுக்கு இப்போ ஆள் எடுக்கிறாங்களா?

பிசிஆர் (இரத்தத்தில் வைரஸையே தேடும் பரிசோதனை) அறிக்கையில் வைரஸ் இருக்கு. அன்ரிபொடி (வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் பொருள்) பொசிட்டிவ் துண்டு மட்டும் போதாது; வைரஸ் தானாகப் போனவருக்கும் அது பொசிட்டிவ்தான். ஜெனோடைப் (வைரஸின் வகை) 3, பைப்ரோஸ்கேனும் (ஈரல் எவ்வளவு இறுகியிருக்கு என்று பார்க்கும் ஸ்கேன்) செய்தாச்சு. ஹெபடைடிஸ் பி நெகட்டிவ். (இதை விட்டுடாதீங்க: சி மருந்து தொடங்கினதும் ஒளிந்திருந்த பி கிளம்பி ஈரலைக் கெடுக்கலாம்.) இதயத்துக்கு அமியோடரோன் எடுப்பதில்லை, எடுத்தால் சி மருந்தான சொபோஸ்புவிரோடு சேர்ந்து நாடித்துடிப்பு ஆபத்தாக இறங்கலாம்.

தெரிய வேண்டியது:

ஒப்பீட்டுக் குழுவுக்கு (ஆய்வு மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் ஆட்களுக்கு) என்ன கொடுக்கிறாங்க? சொபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்லாடஸ்விர் 60 மில்லிகிராம், தினம் ஒருமுறை 12 வாரம் போட்டாலே பெரும்பாலானோருக்குக் குணமாகுது. வெறும் போலி மாத்திரை என்றால் சேரத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஒப்புதல் படிவம் தமிழில் உண்டா? சிங்களப் படிவத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னால் வேண்டாம்.

மாத்திரை முடிந்து 12 வாரத்துக்குப் பிறகுதான் கடைசி இரத்தப் பரிசோதனை, அதில்தான் குணம் உறுதியாகும். அதுவரை கொழும்புக்குப் போய்வரும் பஸ் காசு யார் தருவாங்க?