தறி நிற்கிற நாளில் உடுக்கைப் பதிவு: குறைந்த செலவில் இசை மென்பொருள் தேடிய அனுபவம்

எங்களுக்குக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் சோமனூர் பக்கம். விசைத்தறிக் கூடம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இசை எனக்குத் தொழில் இல்லை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரும் ஆசை மட்டும்தான். எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) உடுக்கையடித்து, கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையைப் பாடுகிறவர். அவர் குரலைப் பதிந்து வைக்க வேண்டும், கும்மிப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குத் தாளம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் இந்தத் தேடலில் இறங்கினேன்.

முதலில் செய்தது தப்பான காரியம். டவுனில் ஒரு கடையில் முந்நூறு ரூபாய் கொடுத்து, பெரிய ஸ்டூடியோக்களில் வைத்திருக்கும் மென்பொருள் ஒன்றின் திருட்டுப் பிரதியை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டேன். "ஆன்டிவைரஸை அணைத்து வையுங்க, இல்லீன்னா ஓடாது" என்றார் கடைக்காரர். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் வாரம் கோப்புகள் எல்லாம் பெயர் மாறிப் பூட்டிக்கொண்டன, திறக்கப் பணம் கேட்டு ஒரு கடிதம் திரையில் நின்றது. அப்புச்சி இரண்டு மணி நேரம் பாடிய படுகளக் கட்டம், அண்ணன்மார் போரில் சாயும் பகுதி, அதற்குள் இருந்தது. வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அதற்கப்புறம் காசு கொடுக்காமலோ, கொடுக்க முடிகிற காசிலோ நேர்மையாகக் கிடைப்பதை மட்டும் தேடினேன். என் லேப்டாப் பழசு, நான்கு ஜிபி ராம். காரேஜ்பேண்ட் என்ற இசை மென்பொருள் நன்றாக இருக்கும் என்று தங்கை மகன் சொன்னான். ஆனால் அது ஆப்பிள் கருவிகளில் மட்டுமே ஓடும். எல்எம்எம்எஸ் என்ற இன்னொன்று முழுக்க இலவசம், தாளம் கட்டுவதற்கு அருமையாக இருந்தது. ஆனால் நான் போட்ட பதிப்பில் மைக் வழியாகப் பாட்டைப் பதிய வழி இல்லை. எஃப்எல் ஸ்டூடியோவை ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் புதுப்பதிப்பு இலவசம், அது பெரிய விஷயம். சோதனைப் பதிப்பில் வேலையைச் சேமிக்கலாம், மறுநாள் அதைத் திறக்கத்தான் முடியாது. தினம் அரை மணி நேரம் கிடைக்கிறவனுக்கு அது ஒத்துவரவில்லை.

கடைசியில் எனக்கு இரண்டு போதும் என்று ஆயிற்று. பதிந்து, வெட்டி ஒட்ட ஆடாசிட்டி. அது இலவசம். பல தடங்களை அடுக்கிக் கலக்க ரீப்பர். இதன் கோப்பு இருபது எம்பி சுமார்தான், என் பழைய லேப்டாப்பிலும் சிக்காமல் ஓடுகிறது. 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் பழகிப் பார்க்கலாம். சொந்த உபயோகத்துக்கு உரிமம் 60 டாலர், நம் பணத்தில் ஐயாயிரத்துக்கு மேல் வரும். கெடு முடிந்த பிறகும் அது திறக்கும், வாங்கச் சொல்லி ஒரு அறிவிப்பு மட்டும் வரும். அப்படியே ஓட்டலாம் என்று சிலர் சொன்னார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. தீபாவளி போனஸில் வாங்கிவிட்டேன். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பணப்பரிமாற்றத்தை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கார்டு ஏற்காது.

மைக்கை மாட்டியதும் அடுத்த தொந்தரவு. உடுக்கையில் ஒரு அடி விழுந்தால் ஹெட்போனில் சற்றுத் தாமதித்துத்தான் கேட்கும். பாடுகிறவருக்குத் தாளமே தடுமாறிவிடும். ஒலிக்கருவியையும் மென்பொருளையும் இணைக்கும் ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டு, பஃபர் அளவை, அதாவது லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்து அனுப்பும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கையை, 1024இலிருந்து 128க்கு இறக்கினேன். விநாடிக்கு 44,100 துணுக்கு என்ற பதிவு வேகத்தில் 1024 என்றால் 23 மில்லி விநாடி, 128 என்றால் 3க்குள். போக வர இன்னும் கொஞ்சம் கூடும், ஆனாலும் வித்தியாசம் காதுக்கே தெரிந்தது. கலக்கும்போது திரும்ப 1024க்கு ஏற்றிவிடுவேன், அப்போதுதான் லேப்டாப் மூச்சு வாங்காது.

மென்பொருளைத் திறந்ததும் நிமிடத்துக்கு 120 தட்டு வேகம், நான்குக்கு நான்கு தாளம் என்று வந்து நிற்கும். எங்கள் ஊர்க் கும்மியில் பல அடவுகள் திஸ்ரத்தில், அதாவது மும்மூன்று எண்ணிக்கையில், வருகின்றன. ஆறுக்கு எட்டு என்று மாற்றி வைத்த பிறகுதான் பிள்ளைகளின் கைத்தட்டு அதில் பொருந்தியது. அப்புச்சியின் பாட்டுக்கு இந்தத் தாளக் கணக்கே ஆகாது. கதை சூடாகும் இடத்தில் அவர் வேகம் ஏறும், அழுகைக் கட்டத்தில் இழுத்து நிறுத்துவார். தாளம் காட்டும் கிளிக் சத்தத்தை அணைத்துவிட்டு, அவர் போக்கில் பாட விட்டுப் பதிவதே சரி என்பது என் முடிவு.

தறிச் சத்தம் தனிக் கதை. ஆடாசிட்டியில் இரைச்சலைக் குறைக்கும் வசதி மின்விசிறி மாதிரி ஒரே சீராக வரும் ஓசைக்குத்தான் நன்றாக வேலை செய்கிறது. தறியின் தடதடப்பு போகாது, குரலும் சேர்ந்து நசுங்கும். அதனால் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிற நாளைப் பார்த்து வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு ஊரே அமைதியாக இருக்கும். பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும், கூடத்தில் இரண்டு கட்டிலை நிறுத்தி அதன்மேல் ஜமுக்காளம் போட்டு, நடுவில் அப்புச்சியை உட்கார வைப்பேன்.

போன தடவை முடித்ததும், "ஏங்கண்ணு, போனவாட்டி மாதிரி இதும் தொலஞ்சு போயிருமா?" என்று கேட்டார். "போகாதுங்க அப்புச்சி, மூணு எடத்துல வெச்சிருக்கறனுங்க" என்றேன். ஒன்று லேப்டாப்பில், ஒன்று வெளி டிஸ்கில், ஒன்று தங்கை வீட்டில்.

இப்போது உடுக்கை அடிகளைத் தனித்தனியாக வெட்டி, ரீப்பரோடு வரும் ரீசாம்ப்ளோமேட்டிக் என்ற, பதிந்த ஒலியை விசை அழுத்தி ஒலிக்கவைக்கும் கருவியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், கும்மிப் பயிற்சிக்காக. இடுப்புக் கயிற்றை அழுத்தினால் உடுக்கையின் சுருதி ஏறும். ஒரே அடியை மென்பொருளில் சுருதி ஏற்றிப் பார்த்தேன், தகரம் மாதிரி கேட்டது. அதனால் தளர்வாக, அரை அழுத்தத்தில், இறுக்கமாக என்று மூன்று வகையையும் அவரையே அடிக்கச் சொல்லிப் பதிந்திருக்கிறேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் அந்த இழுப்பு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள், அடுத்த பவர் கட்டுக்குள் முயன்று பார்க்கிறேன்.