10 டிகிரித் தண்ணீர், ஆறு பேர், எப்போது ஏறுவது?

குளிர்கடலில் மூச்சடக்கி முங்கி, கன் என்கிற ஈட்டித் துப்பாக்கியால் மீன்பிடிக்கக் கூட்டமாகப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த இடம், என்ன கன், எத்தனை மில்லிமீட்டர் சூட்" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். போன முறை ஆறு பேர் இறங்கினோம். தண்ணீர் 10 டிகிரி. காற்றையும் அலையையும் மூன்று நாளாகக் கவனித்து, ஓதம் ஏறி முடிந்து நீரோட்டம் அடங்குகிற நேரமாகப் பார்த்துத்தான் போனோம். தடை செய்யப்பட்ட பகுதி எது, எந்த மீன் எந்த அளவுக்குக் கீழே இருந்தால் விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் கையில் எழுதி வைத்திருந்தோம். அவ்வளவு சுத்தமான திட்டத்தில், எப்போது கரையேறுவது என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. "குளிர ஆரம்பிச்சா ஏறிடலாம்" என்று பேசிக்கொண்டதோடு சரி.

எல்லோருக்கும் 7 மி.மீ. சூட். உள்பக்கம் துணி ஒட்டாத வெறும் ரப்பர், மேல்சட்டையோடு சேர்ந்த தலைமூடி. இந்த வகை சூட்டைச் சோப்புத் தண்ணீர் ஊற்றாமல் போடவே முடியாது, இழுத்தால் கிழியும். ஆனால் தோலோடு அப்படியே ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் உள்ளே ஓடாது. முதல் ஒன்றரை மணி நேரம் ஒருவருக்கும் குளிர் தெரியவில்லை. அந்தச் சுகம்தான் எங்களை ஏமாற்றியது.

மூன்றாவது மணி நேரம். என்னோடு ஜோடியாக இறங்கியவர் மேலே மிதந்தபடி கன்னை வயிற்றில் ஊன்றி, ஈட்டியைப் பாய்ச்சுகிற ரப்பர் பட்டையை மாட்ட இழுக்கிறார். வரவில்லை. மறுபடி இழுக்கிறார். வரவில்லை. "ரப்பர் புதுசு, டைட்டா இருக்கு" என்கிறார். காலையில் அதே ரப்பரை அவர் ஒரே இழுப்பில் மாட்டியதை நான் பார்த்திருந்தேன். "கையுறையைக் கழற்றி, கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொடுங்க" என்றேன். கட்டைவிரல் மோதிரவிரல் வரைக்கும் போய் நின்றுவிட்டது. அவர் அந்தக் கையை வேறு யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "குளிருதா?" என்று கேட்டேன். "இல்லையே" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

உடனே கன்னை வாங்கி மிதவையில் கட்டி, கரைக்கு நீந்தினோம். பாறையில் உட்கார்ந்து, மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயப் பெல்ட்டின் கொக்கியைத் திறக்கப் பார்த்தார், விரல் வளையவில்லை. நான்தான் இழுத்து விட்டேன். பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. அந்தப் பெல்ட்தான் கடைசி உயிர்க்கயிறு. தண்ணீரில் ஏதாவது ஆகியிருந்தால் அதைக் கழற்றிவிட அவருக்குக் கையே இல்லை. எத்தனை நேரமாக அப்படி இருந்தார் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியாது.

காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்பின் வெப்பத்தை இழுக்கும் என்று படித்திருந்தேன். எங்கள் கணக்கில் விட்டுப்போனது ஆழம். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகும், சூட் ரப்பருக்குள் இருக்கிற காற்றுக்குமிழ்கள் பாதியாகச் சுருங்கிவிடும். மேலே 7 மி.மீ. என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது கீழே மெல்லிய தோலாகிவிடும். 4 மீட்டரில் பாறையோரம் படுத்துக் காத்திருந்தவர்கள் நன்றாக இருந்தார்கள். அவர் காலையிலிருந்து 12 மீட்டருக்கே போய்க்கொண்டிருந்தார்.

கரையேறின பிறகு இன்னும் மோசமானார். நடுக்கமே பத்து நிமிடம் கழித்துத்தான் பிடித்தது. வெளியே வந்த பின்னும் உடம்பின் உள்சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே போகும், நிறையப் பேர் கவனிப்பதில்லை. சுடுதண்ணீரில் நிறுத்தலாமா, கைகாலைத் தேய்த்துவிடலாமா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இரண்டும் வேண்டாம் என்று காற்றுப் படாத இடத்தில் உட்காரவைத்து, ஈரத்தைக் கழற்றி, உலர்ந்த துணியும் குல்லாவும் போட்டு, இனிப்பாக வெதுவெதுப்பாகக் குடிக்கக் கொடுத்தோம். முக்கால் மணி நேரத்தில் பேச்சு சரியானது.

இதே மாதிரி பட்டவர்கள் சொல்லுங்கள். அடுத்த பயணத்துக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

*

அண்ணா, ஆறு பேருக்கு எத்தனை கன் எடுத்துட்டுப் போனீங்க? அதைச் சொல்லலையே. ஆறுன்னா, உங்க திட்டத்துல ஓட்டை ஒண்ணு இல்ல, ரெண்டு.

எங்க கூட்டத்துல இப்போ ஒரு ஜோடிக்கு ஒரே கன். ஒருத்தர் கீழ, ஒருத்தர் மேல. கன் இல்லாதவருக்கு வேலை ஜோடியைப் பார்க்கிறது மட்டும்தான். ரெண்டு பேர் கையிலயும் கன் இருந்தா ரெண்டு பேரும் மீனைத்தான் பார்ப்பாங்க. நான் பார்த்தேன், அதனால சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி. கலங்கல் தண்ணி, 6 மீட்டர் கூடத் தெரியலை. என் ஜோடி அடிச்ச மீன் பாறை இடுக்குல போய்ச் சொருகிடுச்சு. அதை எடுக்கப் போனவர் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் இருந்துட்டு மேல வந்தார். வாயிலிருந்து ஸ்நார்க்கல் மூச்சுக் குழாயை எடுத்தார், ஓகேன்னு கை காட்டினார். நான் என் கன்னைத் தேடித் திரும்பினேன். திரும்பிப் பார்த்தா முகம் தண்ணிக்குள்ள. கண்ணு திறந்தே இருக்கு, ஆள் இல்லை. தாடையைத் தூக்கிப் பிடிச்சு, மாஸ்க்கைக் கழற்றி, முகத்துல ஊதி, கன்னத்துல தட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டேன். மூச்சை இழுத்தார். அவருக்கு மயங்கினதே தெரியலை, "மீன் எங்க?"ன்னுதான் கேட்டார்.

மேல வந்தாச்சு, தப்பிச்சாச்சுன்னு நினைக்கிறோமே, அந்த இடத்துலதான் இது நடக்கும். ஆழத்துல அழுத்தத்தால உடம்புக்குக் கிடைச்சுட்டிருந்த ஆக்சிஜன், கடைசி சில மீட்டர்ல அழுத்தம் குறையக் குறையச் சட்டுன்னு போதாம ஆயிடும். மேல வந்து சில விநாடி கழிச்சுக்கூட ஆள் போவார். அதனால 30 விநாடி கண்ணை எடுக்கக் கூடாது, ஓகே காட்டினாலும் சரி. இறங்கறதுக்கு முன்னாடி புஸ்ஸு புஸ்ஸுன்னு வேகமா மூச்சு விடற பழக்கம் யாருக்காவது இருந்தா அன்னைக்கு அவர் படகுலயே உட்காரட்டும். அது ஆக்சிஜனைக் கூட்டாது, மூச்சு விடணும்கிற எச்சரிக்கையை மட்டும்தான் அணைச்சுப் போடும். குளிர்ல நடுக்கம் வேற ஆக்சிஜனைத் தின்னும், அதனால வெதுவெதுப்பான தண்ணில உங்களுக்கு இருக்கிற மூச்சு நேரத்தை இங்க கொண்டுவராதீங்க.

ஈயம் பத்தியும் ஒரு வார்த்தை. கடன் வாங்கின தடிமன் சூட்டைப் போட்டுட்டு, குத்துமதிப்பா நாலு கட்டை மாட்டிட்டு இறங்கறவங்க எல்லாக் கூட்டத்துலயும் ஒருத்தர் இருப்பார். மேல மிதக்கிறப்போ சாதாரணமா மூச்சை வெளிய விட்டுட்டு அசையாம இருங்க. மூழ்கினா ஈயம் அதிகம், கழற்றுங்க. கீழ சூட் சுருங்கினதும் மிதப்பு இன்னும் போயிடும், அப்போ கழற்ற நேரம் இருக்காது.

*

தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் சின்னதாக ஒன்று சொல்கிறேன், காது.

என் தலைமூடி அளவு சரியில்லை, ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாக அடைத்திருந்தது. 7 மீட்டரில் மற்ற காதுக்குள் மட்டும் சில்லென்று தண்ணீர் புகுந்தது. உடனே கடல் மொத்தமும் சுழன்றது. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. நல்லவேளை, மிதவைக் கயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கயிற்றோடே மேலே வந்தேன். காதுக்குள் போன தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு வந்ததும் சுழற்சி தானாக நின்றது. இப்போதெல்லாம் இறங்கியதும் மேலேயே தலைமூடியின் இரண்டு பக்கமும் விரலை விட்டுத் தண்ணீரை மெதுவாக உள்ளே விட்டுக்கொள்கிறேன். பிறகுதான் முதல் முங்கு.

இன்னொன்று, கூச்சப்பட்டு யாரும் சொல்லாதது. குளிர்நீரில் அடிக்கடி சிறுநீர் வரும், இரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்கு ஒதுங்குவதால். நா வறளாவிட்டாலும் உடம்பு வறண்டுவிடும், தசை பிடித்துக்கொள்ளும். இடைவேளையில் குடிக்கத் தண்ணீர் மிதவையிலேயே இருக்கட்டும்.

கொரியாவின் ஜேஜூ தீவில் ஹேன்யோ என்ற பெண் சுழியோடிகள் இருக்கிறார்கள். 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் அவர்களுடைய மரபு சேர்ந்தது. குளிர்காலத்திலும் சிலிண்டர் இல்லாமல் முங்கும் அவர்கள் கூட்டமாகத்தான் போவார்கள். மேலே வந்ததும் விசில் போல ஒரு சத்தத்தோடு மூச்சை விடுவார்கள். பார்க்க வேண்டியதே இல்லை, காதில் விழுந்தாலே ஆள் வந்துவிட்டாள் என்று தெரியும். நாம் மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஊமையாக மிதக்கிறோம்.

*

எல்லாரும் சீரியஸா பேசறீங்க, என் கதையையும் கேளுங்க. மீன் கோர்வையை இடுப்புலயே கட்டிட்டு நீந்தினேன். பின்னாடி யாரோ இழுத்தாங்க. ஜோடி விளையாடறார்னு திட்டத் திரும்பினா, மாஸ்க்குக்கு ஒரு முழ தூரத்துல கடல்நாய் முகம், மீசையெல்லாம் சேர்த்து. மூணு மீனையும் அதுவே எடுத்துக்கட்டும்னு கோர்வையை அவுத்துவிட்டேன். அதுலேருந்து அடிச்ச மீன் உடனே மிதவைக்குப் போயிடும். இடுப்புல இரத்தவாடையோட தொங்கவிடறது கடல்நாய்க்கு மட்டும் அழைப்பு இல்லை.

கெல்ப்ங்கிற உயரமான கடல்பாசிக் காட்டுக்குள்ள போறவங்க நீளமான மிதவைக் கயிறைக் கூட இழுத்துட்டுப் போகாதீங்க, எல்லாத் தண்டுலயும் சுத்திக்கும். கன்லயே கயிறு சுத்தற ரீல் போட்டுக்கோங்க. கத்தி எந்தக் கைக்கும் எட்டற இடத்துல இருக்கணும், கெண்டைக்கால்ல கட்டினா அதுவே முதல்ல மாட்டிக்கும்.

*

எல்லோருக்கும் நன்றி. தம்பி கேட்ட கேள்விக்குப் பதில்: ஆமாம், ஆறு கன்.

இந்த முறை மூன்று. கன்னில் ரப்பர் ஏறுவது தண்ணீருக்குள் மட்டும், கரையோ படகோ நெருங்குவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். ஒரு முங்குக்கு எடுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்காவது மேலே ஓய்வு. 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு பேரும் மிதவைக்கு வந்து கையுறையைக் கழற்றி, கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஒருவருக்கு எட்டாவிட்டாலும் ஆறு பேரும் கரைக்கு. யாராவது "போதும்" என்றால் காரணம் கேட்கக் கூடாது. எட்டினாலும் எட்டாவிட்டாலும் இரண்டு மணி நேரம்தான், மீன் கிடைக்கவில்லை என்றாலும்.

கரையில் ஏழாவதாக ஒருவர் இருப்பார், இறங்காமல். எங்கள் நேரமும் மீட்புப் படையின் எண்ணும் அவரிடம் இருக்கும். இரண்டு ஃபிளாஸ்க் எடுத்துப் போகிறோம், ஒன்று குடிக்க, ஒன்று இறங்குவதற்கு முன் கையுறைக்குள் ஊற்ற.

நேரம் பார்க்கும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, போன முறை கொக்கியைத் திறக்க முடியாதவர் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். கடிகாரத்தைக் கையுறைக்கு மேலே கட்டிப் பார்த்து, வார் போதவில்லை என்று நேற்று நீளமான வார் மாற்றியிருக்கிறார்.