மகதலேன் சலவைக்கூடப் படங்கள்: கன்னியாஸ்திரிகளுக்கு அநியாயமா?

பழையரீல்:
நேற்று இரவு 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' பார்த்தேன். கில்லியன் மர்ஃபி நடித்து 2024இல் வந்த படம். கதை 1985 கிறிஸ்துமஸ் நேரத்தில், அயர்லாந்தின் நியூ ராஸ் ஊரில் நடக்கிறது. கரி வியாபாரி பில் ஃபர்லாங் ஒரு மடத்துக்குக் கரி இறக்கப் போகிறார். கன்னியாஸ்திரிகள் பெண்களை வைத்துக் கூலியில்லாமல் துணி வெளுக்கவைத்த மகதலேன் சலவைக்கூடம் அங்கே இருக்கிறது. அங்கே கரிக்கொட்டகைக்குள் ஒரு சின்னப் பெண் அடைபட்டுக் கிடக்கிறாள். வயிற்றில் பிள்ளை.

படத்தில் கூச்சலே இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிரஷ்ஷால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார், தண்ணீர் கறுப்பாக ஓடுகிறது. மறுநாளும் அதே. அந்தக் கையை விட்டு என் கண் அகலவில்லை.

'தி மகதலேன் சிஸ்டர்ஸ்' (2002), 'ஃபிலோமினா' (2013), இப்போது இது. அயர்லாந்தில் கல்யாணமாகாமல் தாயான பெண்களைத் திருச்சபை நிறுவனங்கள் எப்படி நடத்தின என்பதை உலகத்துக்குச் சொன்னவை இந்த மூன்று படங்கள்தான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சவேரியார்தெரு:
நான் கத்தோலிக்கன். என் அத்தை ஒரு சபையில் நாற்பது வருஷமாக சிஸ்டர். தொழுநோயாளிகளின் புண்ணைக் கழுவிய கை அது. அதனால் எனக்கு வலிக்கிறது, மறைக்கவில்லை.

அங்கே கொடுமையே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. படங்கள் நேர்மையாக இல்லை என்கிறேன். 'ஃபிலோமினா', மடத்தில் பெற்ற மகனைத் தத்துக்குப் பறிகொடுத்த ஃபிலோமினா லீயின் நிஜக் கதை. அதன் உச்சக்காட்சி ஞாபகம் இருக்கிறதா? சக்கர நாற்காலியில் கிழட்டு சிஸ்டர் ஹில்டகார்ட், நீங்கள் பட்டதெல்லாம் உங்கள் பாவத்துக்கான தண்டனை என்கிற மாதிரி பேசுவார். நிஜ ஹில்டகார்ட் 1995இலேயே இறந்துவிட்டார். மகனைத் தேட ஃபிலோமினாவுக்கு உதவிய பத்திரிகையாளர் இந்தக் கதைக்குள் வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. செத்துப்போன ஒருவரை எழுப்பி உட்காரவைத்து, அவர் வாயில் வசனத்தைத் திணிப்பது நியாயமா?

பழையரீல் பார்த்த படத்தின் கடைசியில் வரும் அர்ப்பணிப்பில் 56,000க்கும் மேற்பட்ட பெண்கள் மகதலேன் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று போடுகிறார்கள். 2013இல் வந்த அரசு அறிக்கை மகதலேன் சலவைக்கூடங்களுக்குச் சொன்ன கணக்கு சுமார் 10,000.

மலர்விழி:
ஒரு சந்தேகம். சலவைக்கூடமும் 'ஃபிலோமினா'வில் வருகிற, பிள்ளை பெறுகிற இல்லமும் வேறு வேறா?

லிஃபிக்கரை:
வேறு வேறுதான் மலர். நான் டப்ளினில் பதினோரு வருஷமாக நர்ஸ். சவேரியார் அண்ணா சொன்ன எண் சரி, படம் இரண்டையும் குழப்பிவிட்டது. 56,000 என்பது 2021 ஜனவரியில் வெளிவந்த ஆணைய அறிக்கையில், தாய்-சேய் இல்லங்களுக்குச் சொன்ன கணக்கு. பிரசவத்துக்குப் பெண்களைக் கொண்டுபோய்விட்ட இடங்கள் அவை. அங்கே பிறந்தவர்களில் சுமார் 9,000 குழந்தைகள் இறந்தன. கார்க் நகரத்து பெஸ்பரோ இல்லத்தில் 1943இல் பிறந்தவற்றில் நாலில் மூன்று பிழைக்கவில்லை.

சலவைக்கூடம் என்பது ஹோட்டல், ஆஸ்பத்திரி, ராணுவம் எல்லாவற்றின் அழுக்குத் துணியையும் கூலியில்லாமல் பெண்கள் வெளுத்த இடம். அதில் கல்யாணமாகாத தாய்மார் ஒரு பகுதிதான். அநாதைப் பெண்கள், பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், வீட்டுக்கு வேண்டாதவர்கள் எல்லாரும் இருந்தார்கள். கடைசிக் கூடம் மூடியது 1996 அக்டோபரில். ஷான் மக்டெர்மாட் தெரு, நான் பஸ்ஸில் தாண்டிப்போகிற தெரு.

அண்ணா, கணக்குப் பிழையைச் சொன்னீர்கள், நானும் ஒன்று சொல்கிறேன். 1993இல் டப்ளின் ஹை பார்க் மடத்துச் சிஸ்டர்கள் நிலத்தை விற்றார்கள். அங்கே சலவைக்கூடப் பெண்களின் கல்லறை இருந்தது. 133 உடல்களைத் தோண்டி எடுக்க அனுமதி வாங்கினார்கள். தோண்டினால் இன்னும் 22. பலருக்கு இறப்புப் பதிவே இல்லை. சிலருக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை, மடத்தில் சூட்டிய பெயர்தான். ஏறக்குறைய எல்லாரையும் எரித்து கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில் ஒன்றாக வைத்துவிட்டார்கள். எந்தப் படத்திலும் நான் இதைப் பார்க்கவில்லை. படங்கள் மிகைப்படுத்துகின்றன என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த 22 பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

சவேரியார்தெரு:
படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை தங்கச்சி. அந்த 22 பேருக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. அந்தப் பெண்களைக் கொண்டுபோய் விட்டது யார்? பெற்ற தகப்பன், கூடப்பிறந்த அண்ணன், ஊர்ப் பங்குச் சாமியார், போலீஸ். 2013 அறிக்கைப்படி நாலில் ஒருவருக்கும் மேலானவர்களை அனுப்பியதில் அரசுக்குப் பங்கு இருக்கிறது. 2021 அறிக்கையும் முதல் பொறுப்பைக் குழந்தைகளின் தகப்பன்மார் மேலும், பெண்களின் வீட்டார் மேலும்தான் வைக்கிறது. பிள்ளையைக் கொடுத்தவன் எந்தப் படத்திலாவது கூண்டில் நிற்கிறானா? வெள்ளை அங்கி போட்ட பெண் மட்டும் அரக்கியாக வந்துவிடுகிறாள்.

பழையரீல்:
அண்ணா, இங்கேதான் முட்டுகிறேன். 'மகதலேன் சிஸ்டர்ஸ்' படத்தின் முதல் காட்சியை நீங்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

கல்யாண வீடு. மேளம் அதிர்கிறது. மார்கரெட்டை அவள் மச்சான்முறைப் பையன் மாடியறைக்குக் கூட்டிப்போய்க் கெடுத்துவிடுகிறான். அவள் இறங்கி வந்து ஒரு பெண்ணிடம் சொல்கிறாள். பாட்டுச் சத்தத்தில் நமக்கு ஒரு வார்த்தை கேட்காது. சேதி ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போகிறது, அப்பா காதுக்கும் சாமியார் காதுக்கும் போய்ச் சேருகிறது. எல்லாப் பார்வையும் முதலில் அவன் பக்கம் திரும்பி, பிறகு அவள் மேல் வந்து நிற்கும். மறுநாள் விடியற்காலையில் அவளைக் காரில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அதுவரை ஒரு கன்னியாஸ்திரிகூட வரவில்லை. நாலு வருஷம் கழித்து அவளை மீட்க வருகிறவன் அவள் தம்பி. அவன் வளர்ந்து ஆளாக வேண்டியிருந்தது.

வீட்டாரைக் கூண்டில் நிறுத்தவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மலர்விழி:
எனக்கு சவேரியார் அண்ணா சொல்வதில் பாதி சரி என்று படுகிறது. அந்தப் படத்தில் சிஸ்டர் பிரிட்ஜெட் மேஜையில் உட்கார்ந்து பணத்தை எண்ணிக்கொண்டே பேசுவார். பழைய கதைகளில் வரும் கந்துவட்டிக்காரனைப் பார்க்கிற மாதிரி இருந்தது. மடத்தில் ஒருவர்கூட மனம் கலங்கியிருக்க மாட்டாரா? அது நம்ப முடியவில்லை.

லிஃபிக்கரை:
கலங்கியவர்கள் இருந்திருப்பார்கள் மலர். ஆனால் கலங்கியவர் கதவைத் திறந்துவிட்டாரா என்பதுதான் உள்ளே இருந்தவளுக்கு முக்கியம்.

அண்ணா, குடும்பமும் அரசும் குற்றவாளி என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். கால்வே பக்கம் டூவாம் தாய்-சேய் இல்லத்தை நடத்தியது பான் செகூர் சிஸ்டர்கள், ஆனால் கட்டடம் மாவட்ட கவுன்சிலுக்குச் சொந்தம். 1925 முதல் 1961 வரை அங்கே 796 குழந்தைகள் இறந்தன. புதைத்ததற்குப் பதிவில்லை. கேத்தரின் கோர்லெஸ் என்கிற உள்ளூர்ப் பெண்மணி தன் கைக்காசைப் போட்டு ஒவ்வொரு இறப்புச் சான்றிதழாக வாங்கி அந்த எண்ணைக் கண்டுபிடித்தார். தோண்டி எடுக்கும் வேலை 2025இல்தான் தொடங்கியது.

ஆனால் பொறுப்பைப் பங்குபோடும்போது ஒன்றைப் பாருங்கள். பிரதமர் என்டா கென்னி 2013இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், அரசு இழப்பீடு கொடுத்தது. சலவைக்கூடம் நடத்திய நாலு சபைகளும் அந்த நிதிக்குப் பணம் தர மறுத்துவிட்டன. தகப்பன் செத்துப்போயிருப்பான். சபை இன்னும் இருக்கிறது, சொத்தும் இருக்கிறது.

சவேரியார்தெரு:
பணம் தராததை நான் நியாயப்படுத்த மாட்டேன். அது தவறு. திருச்சபைக்காரன் என்கிற முறையில் வெட்கப்படுகிறேன்.

ஹில்டகார்ட் காட்சியில் மட்டும் என் நிலை மாறவில்லை. ஏன் என்று சொல்கிறேன். நிஜத்தில் நடந்தது அதைவிடப் பெரியது. ஃபிலோமினா லீ தன் மகனைத் தேடி ராஸ்க்ரே மடத்துக்குப் போனார். அமெரிக்காவுக்குத் தத்துப்போன மகனும் தன் தாயைத் தேடி அதே மடத்துக்கு வந்தான். மடத்தார் இரண்டு பேரிடமும் வாய் திறக்கவில்லை. அவன் 1995இல் இறந்து அதே மடத்து மண்ணில் புதைக்கப்பட்டான், என்றைக்காவது அம்மா வந்து பார்ப்பாள் என்று. இது கையில் இருக்கும்போது எதற்கு ஒரு கட்டுக்கதைச் சண்டை? உண்மைக்கு வில்லி தேவைப்படவில்லை.

பழையரீல்:
இதை ஏற்கிறேன் அண்ணா. அந்தக் கல்லறைக் காட்சியோடு நிறுத்தியிருக்கலாம்.

சவேரியார்தெரு:
'மகதலேன் சிஸ்டர்ஸ்' நான் பாதியில் நிறுத்திய படம் என்பது உண்மை. வாடிகன் பத்திரிகை கண்டித்தது என்று கேள்விப்பட்டு, கோபத்தோடேதான் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்கு வருகிறார். அவருக்கு 78 வயது. கூட உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுகிறேன்.